மணிமேகலையில் ஆளும் சமயமும்

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பொன்றில் மணிமேகலைக் காப்பியத்தின் கதையை எடுத்துக் கூறி முடித்த வேளையில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், பௌத்தத்துக்கு மாற முந்தி மணிமேகலை என்ன சமயம்?" என்று வினவினான். மற்றையோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை; தக்க விடையும் வரவில்லை. நூலைப் பார்த்துச் சொல்வதாகக் கூறி அன்று தப்பிக்கொண்டேன். பின்னர்ப் பதிகந் தொடங்கி முப்பது காதைகளையும் அந்த ஒரு வினாவையே மனத்திற் கொண்டு மீண்டுங் கற்றபோது, அது சிறுவன் கேட்ட சிறு வினா அன்று, காப்பியத்தின் நடுநாடியைத் தொடும் வினா என்பது புலனாயிற்று. அவ்வாறு கற்றதிற் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

நம் நாட்டிலே பிள்ளை பள்ளியிற் சேரும் நாள்முதல் நிரப்ப வேண்டிய படிவங்கள் பலவற்றிற் 'சமயம்' என்றொரு கூடு உண்டு. அதனுள் ஒரு சொல்லை எழுதிவிட்டால் ஆள் இன்னான் என்பது பெரும்பாலும் தீர்ந்துவிட்டதாகவே நாம் கொள்கின்றோம். எழுதாது விட்டவனை ஐயுறுகின்றோம். 'எனக்குச் சமயம் இல்லை' என்பவனோ அதனையே தன் சமயமாக்கி, அக்கூட்டுக்குள்ளேயே வேறொரு சொல்லாய்ப் புகுந்துவிடுகின்றான். நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ ஒருவனை அவனாக்கும் கூறுகளுள் எத்துணைப் பெரியது? இவ்வினாவுக்குச் சமயக் காப்பியம் ஒன்று கூறும் விடை யாதாயிருத்தல் கூடுமென யாரும் முன்னரே சொல்லிவிடலாம். மணிமேகலை பௌத்த சமயப் பெருங்காப்பியம்; அதனைச் செய்த சீத்தலைச் சாத்தனார் தம் சமயப் பற்றை எங்கும் மறைத்தவரல்லர். ஆயின் அவர் சொல்ல எண்ணியதும் அவர் கதை சொல்லிச் செல்வதும் எங்கும் ஒன்றாயிருக்கவில்லை என்பதே என் கருத்து.

'மணிமேகலை யார்?' என்னும் வினா காப்பியத்தில் முதன்முதல் ஊர்வாயிலே பிறக்கின்றது. இந்திர விழாவுக்கு ஆட வராத மாதவியையும் மகளையும் ஊர் அலர் தூற்றுகின்றது. ஊருக்கு விடை எளிது: அவள் கணிகையின் மகள், ஆகவே கணிகை. செய்தி கொண்டுவந்த வசந்தமாலையிடம் மாதவி கூறும் மறுமொழியோ வியப்புக்குரியது. மணிமேகலை பெரும்பத்தினியாகிய கண்ணகியின் மகள், அவள் தவத்துக்கு உரியவளேயன்றித் தீத்தொழிலுக்கு உரியவள் அல்லள் என்கின்றாள். பெற்றவளே தன் பிள்ளையை இன்னொருத்தியின் மகள் என்கின்றாள்! உடலால் வந்த பிறப்பை மாதவி மறுத்து, ஒழுக்கத்தால் வரும் பிறப்பை நாட்டுகின்றாள். அறவண அடிகளிடம் துக்கம் முதலிய வாய்மைகளை அவள் கேட்டிருந்தாள் என்பது மெய்யே. ஆயினும் மகளைப் பற்றிப் பேசுமிடத்து அவள் சமயத்தின் பெயரை முன்வைக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயரை முன்வைக்கின்றாள்.

சமயம் மனிதர் வாழ்விற் புகும் வாயில் எது என்பதற்குச் சிலப்பதிகாரத்தில் ஒரு சான்று உண்டு. நாம் அதனை விரைந்து படித்துக் கடந்துவிடுகின்றோம். கோவலன் கொலையுண்ட செய்தி புகாரை எட்டியபின், அவன் தந்தை மாசாத்துவான் தன் பொருளைத் தானமாக ஈந்து பௌத்தத் துறவு நெறியிற் புகுந்தான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகர் முன்னர்த் துறவு பூண்டான். துயரம் ஒன்று, ஊரும் ஒன்று, குலமும் ஒன்று. சமயம் இரண்டு. ஈமத்தீ ஆறுமுன்னர் இருவரும் இருவேறு வாயில்களிற் புகுந்தனர். ஆசீவகம் இன்று இல்லை. மாநாய்கனை நாம் ஆசீவகனாக நினைப்பதும் இல்லை. மகளை இழந்த தந்தையாகவே நினைக்கின்றோம்.

மணிமேகலையின் கதைக்கு மீள்வோம். குலம் ஆளைக் காட்டாதெனின் உருவம் காட்டுமோ? மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருளிய மந்திரங்கள் மூன்று. அவற்றுள் ஒன்று வேற்றுருக் கொள்ளுதற்குரியது. உதயகுமரனுக்கு அஞ்சி அவள் காயசண்டிகையின் வடிவு கொள்கின்றாள். மனைவியைத் தேடிவந்த விஞ்சையன் காஞ்சனன், தன்னைப் புறக்கணித்து வேறோர் ஆடவனோடு தன் மனைவி பேசுகின்றாள் எனக் கண்டு, அம்பலத்தில் உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். அவன் கண்டது பொய்யன்று. கண் முன் நின்ற உருவம் அவன் மனைவியினதே. கண்ணைத் தவிர வேறொன்றையும் அவன் நம்பவில்லை. அதனால் ஓர் உயிர் போயிற்று. இந்நிகழ்ச்சியை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

முற்பிறப்பு ஆளைக் காட்டுமோ எனின், காட்டுமென்பதே சாத்தனாரின் துணிபு. மணிபல்லவத்துப் பீடிகையைக் கண்டு தொழுத மணிமேகலை, முற்பிறப்பில் தான் இலக்குமி என்பதையும் தன் கணவன் இராகுலன் என்பதையும் அறிகின்றாள். அந்த இராகுலனே இப்பிறப்பில் உதயகுமரன் என்பதை அத்தெய்வமே அவளுக்கு உணர்த்துகின்றது. அப்பீடிகையின் வரலாறு குறிக்கத்தக்கது. நாகநாட்டு அரசர் இருவர் அதனைத் தத்தமதென்று போரிட்டனர். புத்தர் அப்போரை விலக்கி அதன்மேல் அமர்ந்து அறம் உரைத்தார். மகாவமிசம் இவ்வரசரைச் சூளோதரன், மகோதரன் என்று பெயர் கூறி, நாகதீபத்தில் நிகழ்ந்ததாக உரைக்கும். மணிபல்லவம் நயினாதீவே என்பாரும் யாழ்ப்பாணக் குடாநாடே என்பாரும் உளர். அவ்வழக்கில் நான் புகவில்லை. குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவுக்குச் செல்வோர் நாகபூஷணி அம்மன் கோயிலையும் நாகவிகாரையையும் அச்சிறு தீவிலேயே அருகருகாகக் காணலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். என் கவனத்தை இழுத்தது வேறொன்று. 'என்னுடையது' என்று பீடிகைக்குப் போரிட்ட அரசருக்கு அது தங்கள் பழம்பிறப்பைக் காட்டியதாகச் சாத்தனார் கூறவில்லை. யாருமற்ற கரையில் தனியே விடப்பட்டு, அதனை உரிமை கொண்டாடாது தொழுத பெண்ணுக்கே காட்டியதாகக் கூறுகின்றார். சமயத்தை உடைமையாகக் கொள்வதும் அதன்முன் நின்று தன்னைக் காண்பதும் இருவேறு செயல்கள். சாத்தனார் இவ்வேறுபாட்டை எண்ணியே அமைத்தாரோ, கதையின் போக்கில் அது தானே அமைந்ததோ, அறிதற்கில்லை.

இனி, இக்காப்பியத்தின் உயிர் எங்கே உள்ளது என்று என்னைக் கேட்பின், ஆபுத்திரன் வரலாற்றில் உள்ளது என்பேன். பார்ப்பனி சாலி பெற்று விட்டுச் சென்ற குழந்தையை ஏழு நாள் ஓர் ஆ பாலூட்டிக் காத்தது; இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்து வேதம் ஓதுவித்தான். வேள்விக்குக் கட்டிய பசுவை அவன் விடுவித்தமையால் ஊர் அவனைத் துரத்திற்று. பிறப்பை இழித்துப் பேசியவர்க்கு முனிவர் பலரின் பிறப்பை எடுத்துக்காட்டி விடையளித்தான். பிச்சைப் பாத்திரத்திற் கல்லிட்டனர்; மதுரைக்குச் சென்றான். கிடைத்த சோற்றைக் காணார், கேளார், கால் முடமானோர், பேணுநர் இல்லோர் ஆகிய அனைவர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலையணையாக வைத்துத் துயின்றான். நள்ளிரவிற் பசித்து வந்தோர்க்கு ஈய ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது அமுதசுரபியை அளித்தவள் சிந்தாதேவி. அவள் கலைமகளின் கோயிலில் உறையும் தெய்வம். புத்தர் பெருமானின் அடியவர்களுள் எவரும் அப்பாத்திரத்தை அவனுக்கு அளிக்கவில்லை.

இதனை நன்கு நோக்குதல் வேண்டும். அப்பிறப்பில் ஆபுத்திரன் எவர் வாயிலும் பிடகம் கேட்டு அதன் பின் இவ்வறத்தைத் தொடங்கினான் என்று நூலில் இல்லை. வேதநெறி அவனைத் தள்ளிற்று. வேறு நெறி எதுவும் அவனைத் தன் பெயரால் அழைக்கவில்லை. அவனுடைய படிவத்தில் அந்தக் கூடு வெறுமையாகவே இருக்கின்றது. ஆயினும் காப்பியம் முழுவதிலும் 'இவன் இன்னான்' என்று ஐயமின்றி நாம் அறியக்கூடிய ஆள் அவன் ஒருவனே. பசித்தவனைக் கண்டால் அவன் என்ன செய்வான் என்பதை நாம் முன்னரே சொல்லிவிடலாம். ஓர் ஆளை அறிதல் என்பது அஃதன்றி வேறென்ன?

அடுத்த பிறப்பில் அவன் சாவக நாட்டுப் புண்ணியராசன். மணிமேகலையின் சொற்கேட்டு மணிபல்லவத்துக்கு வருகின்றான். ஆண்டுத் தீவதிலகை காட்டிய புன்னை நிழலில் மணலை அகழ்ந்து, தன் பழைய உடம்பின் வெள்ளென்புகளைத் தானே காண்கின்றான். ஒருவன் தன் எலும்புக்கூட்டைத் தான் நின்று பார்க்கும் இக்காட்சிக்கு இணையானது தமிழிற் பிறிதொன்றை நான் கண்டிலேன். இது நானா, இது நானெனின் பார்ப்பது யார்? அரசன் திகைக்கின்றான். இவ்விடத்திற் சாத்தனார் நினைத்திருப்பின், மணிமேகலையின் வாயிலாக ஒரு நீண்ட சமயவுரையை நிகழ்த்தியிருக்கலாம். அவர் அது செய்யாதது நம் நல்வினை. நீயும் துறந்தால் உன் நாட்டு உயிர்களைக் காப்பவர் யார் என்று அவள் கேட்கின்றாள். உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதே அறம் என்று கூறி அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்புகின்றாள். 'நான் யார்' என்ற கலக்கத்துக்குக் கொள்கை விளக்கம் மருந்தாகவில்லை; செய்ய வேண்டிய வேலை மருந்தாயிற்று.

இனிச் சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதைக்கு வருவோம். வஞ்சி நகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை உரைக்கின்றனர். மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு கேட்கின்றாள். இளையள், பெண் என்று கருதி எவரும் உனக்குத் தம் பொருளை உள்ளபடி உரையார் என்று தெய்வம் முன்னரே எச்சரித்திருந்தது. நம்பிக்கை அவரவர் உள்ளத்துக்குரியது என்று இன்று எளிதிற் கூறுகின்றோம். அதனைக் கேட்டு ஆராயும் உரிமைதானும் யாருக்கு உண்டு என்பதை ஊரே முடிவு செய்தது என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். ஒருமுறை வேற்றுருவால் ஓர் உயிர் போகக் கண்டவள், மீண்டும் வேற்றுருக் கொள்கின்றாள், வேறு வழியில்லை. உண்மையைத் தேட அவள் பொய்யுடம்பிற் செல்ல வேண்டியிருக்கின்றது.

இக்காதையில் சைவவாதிக்குக் கிடைத்திருப்பவை சில அடிகளே. சைவப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் இது குறித்து முறையிட்டால் முறையீட்டில் நயமிராது. நீலகேசி செய்தவர் குண்டலகேசிக்கு இதைவிட மிகுதியாகச் செய்தார். ஒன்று மட்டும் கூறுவேன். மலர்வனம் புக்க காதையில் ஆடையற்ற சமணத் துறவியைக் கள்ளுண்ட களிமகன் எள்ளி நகையாடுகின்றான். கூற்று குடிகாரனுடையது, பொறுப்பு எனதன்று என்று ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம். சுவைத்தது அவரே என்பது வரிகளில் தெரிகின்றது. பசித்தோர் அனைவரையும் ஒரே கண்ணால் நோக்கிய புலவர் இங்கே ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

பதின்மருள் ஒருவனிடம் மட்டுமே மணிமேகலை நகைத்து வாதம் தொடுக்கின்றாள். அவன் பூதவாதி; கண்கூடாகக் காண்பதன்றி வேறு அளவை இல்லை, மறுமை இல்லை என்பவன். இக்காலத்து வழக்கில் நாத்திகன். முற்பிறப்பை அறிந்தவள் அவள், ஆதலின் நகைக்கின்றாள். அவனோ சளைக்கவில்லை. தெய்வ மயக்காலும் கனவாலும் அவ்வாறு தோன்றக்கூடும் என்கின்றான். நடுநின்று பார்ப்பின் இம்மறுமொழி வலியுடையது. ஒருவரின் அனுபவம் அவருக்குச் சான்று. பிறனுக்கு அது வெறுஞ்செய்தி. அதன்பின் அவள் எய்யும் அம்பே புகழ் பெற்றது: உன் தாய் தந்தையரைக் கருத்தளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்கின்றாள். பூதவாதி இதற்கு விடை கூறச் சாத்தனார் இடந்தரவில்லை, காதை முடிந்துவிடுகின்றது. இது வாதத்தில் நேர்மையன்று. காட்சியளவை ஒன்றே போதும் என்பானை மறுக்கக் கவிஞரிடம் இதனினும் வலிய சான்று ஒன்று இருந்தது. அம்பலத்திற் காஞ்சனன் வாளால் விழுந்த உதயகுமரனே அச்சான்று. அன்று கண்ணை மட்டும் நம்பியவன் செய்ததை அவள் நேரில் அறிந்தவள். அதனை அவள் வாயில் வைக்காது சாத்தனார் ஏன் விட்டாரோ!

ஆயினும் தாய் தந்தையர் பற்றிய அவ்வினா என்னளவில் வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாதது. இருபது வயதளவில் நானும் ஒரு பூதவாதியாயிருந்தேன். கோயிலுக்குச் செல்வதை விட்டேன். கேட்டவரிடமெல்லாம், கேளாதவரிடமும், நான் நாத்திகன் என்று சொல்லிக்கொண்டேன். அதுவே நான் என்று அப்பொழுது உறுதியாக நம்பினேன். அக்காலத்தில் என் தந்தையார் காலமானார். மூத்த மகனாதலால் அந்தியேட்டிக் கிரியையில் நான் இருக்க நேர்ந்தது. குருக்கள் தந்தை பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று வரிசையாகக் கேட்டார். பூட்டன் பெயர் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து என் தாயார் மெல்லிய குரலிற் சொல்ல, நான் உரக்கச் சொன்னேன். அப்பெயருடையவரை நானும் கண்டதில்லை; தாயாரும் கண்டதில்லை. கண்டதை மட்டும் நம்புவதாகப் பறைசாற்றிய நான், காணாத ஒருவரின் பெயரைக் காணாத மற்றொருவரின் வாய்ச்சொல்லால் ஏற்று, எள்ளும் நீரும் இறைத்தேன். அதனால் என் நாத்திகம் அன்றே கரைந்துவிடவில்லை. அவ்வளவு எளிதாக எதுவும் நிகழ்வதில்லை. நான் என்னை என்ன பெயரால் அழைத்துக்கொண்டபோதும் தாயார் என்னை அழைத்த பெயர் மாறவில்லை என்பது மட்டும் அன்று விளங்கிற்று.

இவ்விடத்திற் சைவசித்தாந்தம் கூறுவதொன்றை ஒப்புநோக்குதல் பொருந்தும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல. இதன்படி நோக்கின் நம்பிக்கை ஆளுக்கு வெளியே ஒட்டிய சீட்டு அன்று. எதனைச் சார்ந்து நிற்கின்றானோ அதுவாகவே அவன் ஆகின்றான். ஆதலின் சமயம் ஆளுக்கு முக்கியமன்று என்பார் கூற்றை நான் உடன்படேன். ஆனாற் சார்பு என்பது யாது? வாயாற் கூறிய பெயரா, நாள்தோறும் கை சென்று பற்றும் பொருளா? பொருளைச் சார்ந்தவன் திருநீறு பூசியிருப்பினும் பொருளின் வண்ணமே. ஆபுத்திரன் பசித்தோரைச் சார்ந்தான். பௌத்தத்தின் நிலையோ இதனினும் இடர்ப்பாடுடையது. நிலைத்த ஆன்மா என ஒன்று இல்லை என்பது அதன் அடிப்படை. 'நான்' என்பதே தொடர்ந்தோடும் கந்தங்களின் கூட்டமெனின், 'நான் பௌத்தன்' என்று நெஞ்சுநிமிர்த்திக் கூறுதல் அக்கொள்கைக்கே மாறாகுமன்றோ! சாத்தனார் இம்முரணை உணர்ந்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். கடைசிக் காதைகளில் மணிமேகலையின் குரல் மெல்ல மெல்ல அடங்குகின்றது.

அவ்விறுதிக் காதைகள் இரண்டும் காப்பியச் சுவையிற் குறைபாடுடையன என்பதை மறைத்தற்கில்லை. அறவண அடிகள் அளவைகளையும் அவற்றின் போலிகளையும் விரித்து, பின் பன்னிரு நிதானங்களையும் உரைக்கின்றார். வடமொழி நியாயப்பிரவேசத்தோடு இப்பகுதியை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் உளர். நூலின் காலத்தை வரையறுக்க இது உதவுமென்பர். காலம் பற்றி அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை. கதையைத் தொடர்ந்து வந்தவனுக்கோ, கூடத்தில் விருந்துண்டு கொண்டிருந்தவனைத் திடீரென வகுப்பில் இருத்தியது போன்ற உணர்ச்சியே உண்டாகும். ஆயினும் அக்கல்வியும் பசிப்பிணி தீர்த்த பின்னரே தொடங்குகின்றது என்பது நோக்கத்தக்கது. கச்சி வறங்கூர்ந்தது கேட்டு அங்கே சென்ற மணிமேகலை முதலிற் செய்தது அமுதசுரபியைப் பீடிகையில் வைத்தமையே. பதினெண் மொழி பேசுவோரும், விரதங்கள் பல பூண்டோரும், குருடரும் முடவரும் மொய்த்தனர். யார் எந்தச் சமயத்தார் என்று அங்கே கேட்பாரில்லை.

சமயம் கடந்து இந்நூலைக் கற்பதெப்படி என்பதற்கு நம்மிடையே ஒரு பெருஞ்சான்று உண்டு. திருவாவடுதுறை ஆதீனச் சூழலிற் சைவத் தமிழ் கற்று வளர்ந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இற் சமணக் காப்பியமாகிய சிந்தாமணியையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். சிந்தாமணிக்குக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று அவர்தம் கோட்பாடுகளைக் கேட்டறிந்தார். மணிமேகலைக்குப் பேராசிரியர் அரங்காசாரியரின் உதவியோடு பௌத்தக் கருத்துகளைத் தெளிந்து, புத்த சரித்திரம் முதலியவற்றையும் எழுதிச் சேர்த்தார். அவர் நீறு அணிவதை ஒருநாளும் விட்டவரல்லர். தம் நம்பிக்கையில் ஊன்றி நின்றமையாலேயே பிறர் நம்பிக்கையை அஞ்சாது அணுக முடிந்ததோ என்று சில வேளை எண்ணுவதுண்டு. தன் சமயத்தைப் பற்றி ஐயமுடையவன்தான் பிறர் நூலைத் திறக்க நடுங்குகின்றான்.

மாணவனின் வினாவுக்கு மறுவாரம் விடை கூறினேன். பௌத்தத்தைச் சரணடையுமுன் மணிமேகலையின் சமயம் இன்னதென்று நூல் எங்கும் பெயரிட்டுக் கூறவில்லை. அவள் யாருக்குச் சோறிட்டாள் என்பதை மட்டும் விரித்துக் கூறுகின்றது என்றேன். அவன் திருப்தியுற்றதாகத் தெரியவில்லை. தவணைப் பரீட்சையில் அவ்வினாவையே வேண்டுமென்று கேட்டிருந்தேன். பலர் 'வைதிகம்' என்று எழுதினர். இருவர் 'சைவம்' என்று எழுதினர். அவர்களுள் ஒருவன் அதனை அடிக்கோடிட்டும் இருந்தான். கேட்டவன் எண்ணையிட்டு, எதிரே ஒரு சிறு கோடு மட்டும் கீறி விட்டிருந்தான். அதற்கு முழுப்புள்ளியும் இட்டேன்.